இருபது மில்லிமீட்டர் விளிம்பு

பாறையேற்ற வகுப்பின் முதல் நாள் கோச் எங்கள் எட்டுப் பேருக்கும் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்தார். அதில் பேனாவால் வரைந்த ஒரு படம் இருந்தது. சுவரில் ஒரு பலகை. பலகையின் கீழ்ப்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும் ஒரு மரச்சட்டம். சட்டத்தின் ஆழம் இருபது மில்லிமீட்டர். விரலின் முதல் கணு மட்டும்தான் அதில் உட்காரும். முனையைக் கை அறுபடாத அளவுக்கு உருட்டியிருக்க வேண்டும். பெயிண்ட் அடிக்கக் கூடாது.

"வீட்டுச் சுவத்துல ஓட்டை போட முடிஞ்சவங்க இதே மாதிரி செஞ்சு மாட்டிக்கங்க. முடியாதவங்க அரை மணி நேரம் முன்னாடி வந்து இங்க இருக்கறதுல தொங்குங்க. எங்க தொங்கினாலும் அளவு ஒண்ணுதான்" என்றார்.

கோச் என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். குள்ளம். இடுப்பில் எப்போதும் ஒரு ஸ்பேனர் தொங்கும். சுவரில் உள்ள பிளாஸ்டிக் பிடிகளை மாதம் ஒருமுறை கழற்றி வேறு இடங்களில் முடுக்குவதும் அவர் வேலைதான். எங்கள் பயிற்சிக் கூடம் முன்பு காகிதக் கிடங்காக இருந்தது. மூன்று மாடி உயரம். உள்ளே நுழைந்தால் ரப்பர் செருப்பும் வியர்வையும் சாக்பொடியும் கலந்த ஒரு வாடை. சேர்ந்த முதல் வாரம் அந்த வாடை பிடிக்கவில்லை. மூன்றாவது வாரம் அதை முகர்ந்தாலே உள்ளங்கை வியர்த்தது.

அன்றைக்கே இன்னொன்றும் சொன்னார். பன்னிரண்டாவது வாரக் கடைசியில், ஞாயிற்றுக்கிழமை, தன் காரில் நான்கு பேரை நிஜப் பாறைக்கு அழைத்துப் போவார். காரில் அவரைத் தவிர நான்கு பேர்தான் உட்காரலாம்.

"அந்தப் பாறைல பிடியெல்லாம் பொடிப்பொடியா இருக்கும். உங்க எடைல அஞ்சுல ஒரு பங்கை இடுப்புல கட்டிக்கிட்டு, இந்த இருபது எம்எம்ல பத்து செகண்டு தொங்கணும். அது முடியாதவங்களைக் கூட்டிட்டுப் போகவே மாட்டேன். விரல் போச்சுன்னா என்னால ஒட்டவைக்க முடியாது."

"நாலு பேருக்கு மேல பாஸ் பண்ணினா?" என்று கேட்டது டிரைவர் அக்கா.

"யார் தன் எடைக்கு அதிகமா தூக்கறாங்களோ அவங்க."

டிரைவர் அக்கா நகரப் பேருந்து ஓட்டுகிறவர். நாற்பத்தொரு வயது, இரண்டு பிள்ளைகள். முதல் நாள் ஒருவர் ஏறும்போது கீழே யார் கயிறு பிடிப்பது என்று ஜோடி பிரித்தபோது என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தம்பி, நான் விழுந்தா நீ பறந்துடுவே போலிருக்கே" என்றார். அவர் எழுபத்திரண்டு கிலோ. நான் அறுபது. ஜோடியாகிவிட்டோம்.

எனக்கு அந்த நான்கு இடங்களில் ஒன்று வேண்டும் என்று முதல் நாளே தோன்றிவிட்டது. காரணம் பாறை இல்லை. நான் இதுவரை நிஜப் பாறையைத் தொட்டுப் பார்த்ததுகூட இல்லை. காரணம் என் அண்ணன் எனக்கு வைத்திருந்த பெயர். நீச்சல் வகுப்பில் சேர்ந்தேன், மிதக்கத் தெரிந்ததும் நின்றுவிட்டேன். கீபோர்டு வாங்கினேன், அது அலமாரி மேல் துணி போர்த்திக் கிடக்கிறது. புகைப்பட வகுப்பு மூன்றாம் பாடத்தோடு முடிந்தது. அதனால் வீட்டில் என் பெயர் 'பதினஞ்சு நாள்'. சாப்பிட உட்காரும்போது அண்ணன் உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பான்: "பதினஞ்சு நாள் சாப்பிட்டாச்சா?" அண்ணி சிரிக்காமல் பதில் சொல்வார்: "இன்னும் இல்ல. சாப்பாடாவது பாதியில விடாம சாப்பிடச் சொல்லுங்க."

அண்ணன் தச்சன். ஒரு பட்டறையில் அலமாரி செய்கிறான். நான் அந்தத் துண்டுச் சீட்டைக் கொடுத்ததும் வாங்கிப் பார்த்தான்.

"இதுல எத்தனை நாள் தொங்கப் போறே?"

"பன்னெண்டு வாரம்."

"சரி" என்றான். மூன்றாம் நாள் பலகை வந்துவிட்டது. அலமாரிக்கு வாங்கி மிஞ்சிய கனமான மரம். முனைகளை அவ்வளவு பதமாக உருட்டி இழைத்திருந்தான், தடவிக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. வீட்டு ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் உள்ள வாசலுக்கு மேலே ஆறு போல்ட் போட்டு முடுக்கினான். நான் அதை அளந்து பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் அண்ணன் செய்ததை யாரும் அளந்து பார்ப்பதில்லை. அவன் கண்ணுக்குள்ளேயே டேப் இருக்கிறது என்பார் அண்ணி.

வேடிக்கை என்னவென்றால், அளப்பதுதான் என் பிழைப்பு. பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துப் பல் செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறேன். மெழுகில் பல்லைச் செதுக்கி, தடிமனை வெர்னியர் கேஜில் பார்த்து, பத்தில் ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் சுரண்ட வேண்டும்.

கோச் சொன்னதை எல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டேன். விரலுக்குள் தசையே கிடையாது. இழுக்கும் தசை முன்கையில் இருக்கிறது. விரலில் இருப்பது தசைநாண் என்ற கயிறும், அந்தக் கயிறு எலும்பை விட்டு விலகாமல் பிடித்திருக்கும் சின்னச் சின்ன வளையங்களும்தான். தசை ஆறு வாரத்தில் பலம் பிடித்துவிடும். வளையம் பிடிக்காது. அதனால்தான் ஆர்வக்கோளாறு உள்ளவர்களுக்கு மூன்றாவது மாதத்தில் விரல் போகிறது. வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் தொங்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே நாற்பத்தெட்டு மணி நேரமாவது ஓய்வு. கட்டைவிரலைப் பூட்டாமல் நான்கு விரலையும் நடுக்கணுவில் மடக்கிப் பிடிக்க வேண்டும். பத்து செகண்டு தொங்கல், மூன்று நிமிடம் சும்மா, இப்படி ஐந்து முறை.

அந்த மூன்று நிமிடம் சும்மா இருப்பதுதான் கஷ்டம். அண்ணி அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடந்துகொண்டே இருப்பார். நான் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பேன்.

"தொங்கறதுன்னா தொங்கு, இல்லன்னா இறங்கு. நடுவுல நின்னா நான் எந்தப் பக்கம் போறது?"

"ரெஸ்ட் அண்ணி. இன்னும் ஒண்ணரை நிமிஷம்."

"பத்து செகண்டு வேலைக்கு மூணு நிமிஷம் ரெஸ்ட்டா? இந்த வேலை எங்க கிடைக்குதுன்னு சொல்லு, நானும் சேர்ந்துக்கறேன்."

ஞாயிறும் புதனும் வீட்டில் தொங்கினேன். செவ்வாயும் வெள்ளியும் வகுப்பு. எடைக்கு, வேலை செய்யும் இடத்தில் காலாவதியாகித் தூக்கிப் போட இருந்த அச்சு மாவுப் பைகளைக் கேட்டு வாங்கி வந்தேன். ஒவ்வொன்றும் ஒரு கிலோ. ஒரு தோள்பையில் அடுக்கி இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொள்வேன். நோட்டில் தேதி, எடை, செகண்டு, தூங்கிய மணி நேரம், விரல் தோல் எப்படி இருந்தது, கடைசியாகக் குறிப்பு என்று ஆறு கட்டம் போட்டேன். முதல் வாரம் பை இல்லாமல் எட்டு செகண்டு. நான்காம் வாரம் நான்கு கிலோவோடு பத்து. ஏழாம் வாரம் எட்டு கிலோ. பத்தாம் வாரம் பதிமூன்று. பதினொன்றில் பதினான்கு.

எனக்கு வேண்டியது பன்னிரண்டுதான்.

ஆனால் கூடத்துப் பலகையில் அந்த எண் வரவே இல்லை. வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்தபின் எப்போதாவது அதில் தொங்கிப் பார்ப்பேன். வீட்டில் எட்டு கிலோ என்றால் அங்கே மூன்று. வீட்டில் பதிமூன்று என்றால் அங்கே ஏழில் விரல் வழுக்கும். முதல் முறை குறிப்புக் கட்டத்தில் 'ஏறி முடித்த களைப்பு' என்று எழுதினேன். அடுத்த முறை 'மரம் வழவழப்பு'. அதற்கடுத்த முறை 'பலர் பார்த்தார்கள், கூச்சம்'. பிறகு வெறும் 'கூச்சம்' என்று மட்டும் எழுத ஆரம்பித்தேன். பின்னால் எண்ணிப் பார்த்தேன், ஒன்பது இடத்தில் கூச்சம்.

"நாலு பேர் முன்னாடின்னா கை நடுங்குது கோச்" என்று ஒரு நாள் சொன்னேன்.

"அது எல்லாருக்கும் இருக்கறதுதான். அதனாலதான் எனக்கு ஒரு நாள் பரீட்சைல நம்பிக்கை இல்ல. பயத்துல சிலர் விழுவாங்க, வெறியில சிலர் தொங்குவாங்க. மறுநாள் ரெண்டு பேரோட விரலும் அதே விரல்தான்" என்றார். பிறகு எல்லோரையும் கூப்பிட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று ஆகிய மூன்று வாரக் குறிப்பைத் தர வேண்டும், அதில் உள்ளதை வைத்துத்தான் நான்கு பேரை எடுப்பேன் என்றார். குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று காட்ட என் நோட்டை வாங்கித் தூக்கிப் பிடித்தார்.

"தூங்கின நேரம் வரைக்கும் எழுதியிருக்கான் பாருங்க."

"கனவு என்ன வந்துச்சுன்னு எழுதலையா?" என்றார் வகுப்பில் இருந்த மருந்துக்கடைக்காரர். அன்றிலிருந்து என் பெயர் 'நோட்டு'.

டிரைவர் அக்கா வாடகை வீட்டில் இருந்தார். சுவரில் ஓட்டை போட வீட்டுக்காரர் விடவில்லை. அதனால் செவ்வாயும் வெள்ளியும் டிப்போவிலிருந்து யூனிஃபார்மோடு நேராக வந்து, வகுப்புக்கு முன்னால் கூடத்துப் பலகையிலேயே தொங்குவார். காலையிலிருந்து ஸ்டியரிங் பிடித்த கை. தொங்கும்போது கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் நிறுத்தங்களின் பெயரை வரிசையாகச் சொல்வார். பத்து நிறுத்தம், பத்து செகண்டு. பையனின் பழைய கணக்கு நோட்டில் பின்பக்கமாக எழுதி வைத்திருந்தார். எழுபத்திரண்டு கிலோ உடம்போடு பதினைந்து கிலோ வரை வந்திருந்தார்.

பன்னிரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை கோச் பெயர்களைச் சொன்னார். வகுப்பில் இருந்த இரட்டைச் சகோதரிகள் இரண்டு பேர். மருந்துக்கடைக்காரர். நான்காவதாக, "நோட்டு."

டிரைவர் அக்கா ஐந்தாவது. அவரும் தேவையான எடையைத் தாண்டியிருந்தார். என் எடைக்கு நான் அவரைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தாண்டியிருந்தேன், அவ்வளவுதான்.

"விடு, ஞாயித்துக்கிழமைக்குன்னு டியூட்டி மாத்தி வச்சிருந்தேன். திருப்பிக் குடுத்துடறேன்" என்றார். ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னார். முகத்தை நான் பார்க்கவில்லை. "போயிட்டு வந்து சொல்லு தம்பி, கல்லு எப்படி இருந்துச்சுன்னு."

வீட்டில் சொன்னபோது அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எழுந்து வந்து, எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்ற கையால் என் முதுகில் ஒரு அடி வைத்தான். "இனிமே உன்னைப் பன்னெண்டு வாரம்னுதான் கூப்பிடணும்" என்றான்.

மறுநாள் புதன். வேலையில் ஒரு பல் திரும்பி வந்திருந்தது. மருத்துவர் போட்டுப் பார்த்திருக்கிறார், கடிக்கும்போது இடிக்கிறதாம். அரை மில்லிமீட்டர் உயரம் அதிகம். நான் செதுக்கியதுதான். சூப்பர்வைசர் அதை என் மேசையில் வைத்தார்.

"அளந்தியா?"

"அளந்தேன் சார்."

"பல்லை அளந்தே. அச்சை அளந்தியா? அச்சே உப்பியிருந்தா?"

அச்சை நான் அளந்திருக்கவில்லை. அச்சு எப்போதும் சரியாக வரும் என்று வைத்துக்கொண்டிருந்தேன். அன்று முழுக்க ஒவ்வொரு அச்சையும் கேஜ் வைத்துப் பார்த்தேன். கிளம்பும்போது கேஜை மேலங்கிப் பையில் மறந்து வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து மேலங்கியைக் கழற்றும்போது அது கையில் தட்டியது.

ஸ்டூலைப் போட்டு ஏறி, சட்டத்தின் விளிம்பில் கேஜை வைத்தேன். இருபத்தைந்து. இடப்பக்கம் வைத்தேன். இருபத்தைந்து. வலப்பக்கம் இருபத்தைந்துக்கு ஒரு மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அண்ணன் வேலை சுத்தம்.

ஐந்து மில்லிமீட்டர் என்றால் பேனா மூடியின் அகலம்கூட இல்லை. ஆனால் அந்த ஐந்தில் விரலின் முதல் கணு முழுதாக உள்ளே போய், அதற்குப் பின்னால் இருக்கும் சதையும் படிந்துகொள்ளும். என் நோட்டில் இருந்த பதினான்கு கிலோ, வேறொரு பலகையின் பதினான்கு கிலோ. ஒன்பது கூச்சமும் கூச்சம் இல்லை.

அண்ணன் வந்ததும் கேட்டேன்.

"சீட்டுல இருபதுன்னு தானேண்ணா போட்டிருந்துச்சு?"

"ஆமா."

"இது இருபத்தஞ்சு."

கைகழுவிக்கொண்டிருந்தான். குழாயை மூடினான். "ஆமா, இருபத்தஞ்சுதான்" என்றான்.

"ஏன்?"

"முதல்ல இருபதுதான் வெட்டினேன். பட்டறைல ரெண்டு பெஞ்சுக்கு நடுவுல வச்சு நானே தொங்கிப் பாத்தேன். ரெண்டு செகண்டு தாங்கலடா. இருபது வருஷமா உளி பிடிக்கிற கை. எனக்கே இப்படின்னா இவன் ஒரு வாரத்துல கீபோர்டு பக்கத்துல இதையும் வச்சுடுவான்னு தோணுச்சு. அதனால அஞ்சு எம்எம் சேத்து இன்னொண்ணு வெட்டினேன். கொஞ்சம் பிடிப்பு இருந்தா விடமாட்டான்னு."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ அதையே நினைச்சுக்கிட்டு தொங்கியிருக்க மாட்டே."

அது உண்மையா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. இருபதிலேயே தொடங்கியிருந்தால் நான் பதினைந்தாவது நாள் விட்டிருப்பேனா? விட்டிருக்கலாம். அதைச் சரிபார்க்க ஒரு வழியும் இல்லை.

அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "இப்ப என்ன, அஞ்சு எம்எம்முக்கு யாரு வந்து அளக்கப் போறாங்க?"

"அந்த டிரைவர் அக்காவோட இடம் அண்ணி அது."

அண்ணி அடுப்பை அணைத்தார். "அப்ப போன் பண்ணு" என்றார்.

நான் போன் பண்ணவில்லை. அண்ணன் சட்டத்தைக் கழற்றிப் பின்பக்கம் கொண்டுபோய் ஐந்து மில்லிமீட்டர் இழைத்து, முனையைத் திரும்ப உருட்டி மாட்டினான். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நான் கேஜ் வைத்துப் பார்த்தேன். அவன் பார்த்துக்கொண்டே நின்றான். பதினான்கு கிலோவோடு தொங்கினேன். மூன்று செகண்டு. பன்னிரண்டோடு ஐந்து.

பதற்றத்தால் இருக்கும் என்று நினைத்தேன். ஒரு நாள் விட்டுப் பார்த்தால் வந்துவிடும் என்று நினைத்தேன். பன்னிரண்டு வந்துவிட்டால் பிறகு சொல்வதற்கு என்ன இருக்கிறது, என் எண்ணும் நிஜமான எண் ஆகிவிடுமே. உண்மையில் பன்னிரண்டு வந்தாலும் அக்கா என்னைவிடக் கூடுதல்தான், அந்தக் கணக்கை வேண்டுமென்றே போடாமல் விட்டேன். வியாழக்கிழமை மாலை மறுபடி தொங்கினேன். நாற்பத்தெட்டு மணி நேர விதியை நானாக மீறியது அந்த ஒரு முறைதான். நான்கு செகண்டு. இடது மோதிர விரலின் அடியில் லேசாகச் சுருக்கென்றது. இறங்கிவிட்டேன். அதை நோட்டில் எழுதவில்லை. பன்னிரண்டு வாரத்தில் நான் எழுதாமல் விட்டதும் அந்த ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை கூடத்துக்கு அரை மணி முன்னதாகப் போனேன். கோச் சுவரில் ஏணி வைத்து ஒரு மஞ்சள் பிடியை முடுக்கிக்கொண்டிருந்தார். டிரைவர் அக்கா பலகைக்குக் கீழே மணிக்கட்டைச் சுழற்றிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை போகவில்லை என்றாலும் வழக்கம்போல் வந்திருந்தார். இரட்டையரும் மருந்துக்கடைக்காரரும் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்துப் போகும் கயிறு.

நான் ஏணிக்குக் கீழே நின்று சொன்னேன். பலகை இருபத்தைந்து என்று. அண்ணன் செய்தது என்று. நான் அளக்கவில்லை என்று. எல்லோருக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னேன்.

கோச் இறங்கி வந்தார். ஸ்பேனரை இடுப்பில் மாட்டிக்கொண்டார். "இருபதுல எவ்ளோ?"

"தெரியல."

"தெரியலன்னா தொங்கு."

கூடத்து பெல்ட்டைக் கட்டினேன். ஆறு கிலோ, பத்து செகண்டு. மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்தில் மருந்துக்கடைக்காரர் சுருட்டிய கயிற்றையே மறுபடி சுருட்டினார். எட்டு கிலோ, பத்து செகண்டு, கடைசி இரண்டு செகண்டில் கண் இருட்டியது. மூன்று நிமிடம். பத்து கிலோ, ஆறு செகண்டில் வலது கை முதலில் போயிற்று.

"எட்டு" என்றார் கோச். திட்டவில்லை. என் நோட்டை வாங்கி அவரே கடைசிக் கட்டத்தில் எட்டு என்று எழுதினார். "எட்டு மோசமில்ல. ஆனா பன்னெண்டு இல்ல. அக்கா, நீங்க வர்றீங்க."

டிரைவர் அக்கா என்னைப் பார்த்தார். "எப்ப தெரியும் உனக்கு?"

"புதன்கிழமை."

"இன்னிக்கு என்ன கிழமை?"

"வெள்ளி."

"புதன்கிழமை சாயங்காலம் நீ எனக்கு ஒரு போன் போட்டிருந்தா, மாத்தின டியூட்டியை நான் அப்படியே விட்டிருப்பேன். வியாழக்கிழமை மத்தியானம்தான்டா எனக்குப் பதிலா வர இருந்த டிரைவர்கிட்ட வேணாம்னு சொன்னேன். ரெண்டு நாள் என்ன பண்ணினே? அழகா சொல்றதுக்கு ஒத்திகை பாத்தியா?"

"இல்லக்கா. பன்னெண்டு வருதான்னு தொங்கிப் பாத்தேன்."

"வந்துச்சா?"

"இல்ல."

"வந்திருந்தா சொல்லியிருப்பியா?"

நான் பெல்ட்டின் கொக்கியைக் கழற்றினேன். அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. போனை எடுத்துச் சுவர் ஓரமாகப் போய் நின்றார். அவர் குரல் பேருந்து இரைச்சலுக்குப் பழகிய குரல். ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"அண்ணே, நான்தான். ஞாயித்துக்கிழமை வண்டி... ஆமா, நேத்து வேணாம்னு சொன்னேன். இன்னிக்கு வேணும்ங்கறேன்... பைத்தியமெல்லாம் பிடிக்கல... மாமியாரைக் கூட்டிட்டு எங்க போறீங்க? ... அது காலைல தானே? மத்தியானம் போகக் கூடாதா? ... சரி. சரிண்ணே. ஒண்ணு குடுக்கறேன்... ரெண்டா? ... அநியாயம்ணே இது... சரி ரெண்டு. போங்க."

போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

"அடுத்த ரெண்டு ஞாயிறும் விடியக்காலை நாலரை மணி வண்டி நான் எடுக்கணும். எழுதிக்கோ நோட்டுல. உன்னாலதான்."

நான் எழுதினேன். சும்மா சொன்னதை நிஜமாகவே எழுதுகிறேன் என்று பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிரிப்பை முழுதாக விடவில்லை. "கயிறு பிடிக்க வா" என்றார். அன்று நான்தான் அவருக்குக் கயிறு பிடித்தேன். மேலிருந்து இரண்டு முறை விழுந்தார். இரண்டு முறையும் நான் தரையை விட்டு எழும்பினேன்.

கிளம்பும்போது இடது கை விரலை நான் தேய்ப்பதைப் பார்த்த கோச், அந்தக் கையைப் பிடித்து மோதிர விரலின் அடியை அழுத்தினார். முகத்தைச் சுளித்தேன்.

"நேத்து தொங்கினியா?"

"ஆமா."

"பத்து நாள் தொங்காதே. அப்புறம் முதல் வாரத்துலருந்து ஆரம்பி. நாலு மாசம் கழிச்சு மறுபடி போறோம்" என்றார். "நேத்து தொங்கினதை எழுதினியா?"

அங்கேயே நின்று வியாழக்கிழமைக் கட்டத்தைப் போட்டு எழுதினேன். பன்னிரண்டு கிலோ. நான்கு செகண்டு. குறிப்பு: தொங்கியிருக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தேன். நோட்டை முதல் பக்கத்திலிருந்து எடுத்து, ஒவ்வொரு வீட்டுத் தொங்கலுக்கும் ஓரத்தில் 25 என்று எழுதிக்கொண்டு வந்தேன். ஒன்றையும் அடிக்கவில்லை. தொங்கியது தொங்கியதுதான். ஒன்பது கூச்சங்களை மட்டும் அடித்தேன். மாலையில் டிரைவர் அக்காவிடமிருந்து ஒரு படம் வந்தது. அவருடைய உள்ளங்கை. நான்கு விரல் நுனியிலும் தோல் உரிந்திருந்தது. கீழே ஒரே வரி: 'அடுத்த வாரம் நாலரை வண்டிக்கு இந்தக் கையோட போகணும், நல்லா இரு.'

அண்ணன் என் தோளுக்கு மேலே அதைப் பார்த்தான். பிறகு போய்ப் பலகைக்குக் கீழே நின்றான். கையை லுங்கியில் துடைத்துக்கொண்டான்.

"நீதான் பத்து நாள் தொங்கக் கூடாதுல்ல?"

"ஆமா."

"அப்ப வாட்சைப் பிடி."

எம்பிப் பிடித்தான். விரல்கள் வெளுத்தன. கால் இரண்டும் சமையலறைப் பக்கம் ஆடின. அண்ணி உள்ளேயிருந்து, "இனிமே ரெண்டு பேரா?" என்றார். அண்ணன் இறங்கி, கையை உதறினான்.

"எவ்ளோ?"

"மூணு."

"நாலு இருக்கும்டா. எழுது, நாலுன்னு எழுது."

நோட்டில் புதுப் பக்கம் எடுத்து, மேலே அண்ணன் என்று எழுதி, ஆறு கட்டம் போட்டேன். செகண்டு என்ற கட்டத்தில் மூன்று என்று எழுதினேன். அவன் குனிந்து பார்த்தான்.

"தூங்கின நேரம் எவ்ளோ?" என்று கேட்டேன்.